உடம்பும் நிலமும் அரசும்

மாந்தர் உடம்பு உணவினால் ஆயது. உணவு நிலத்தினின்றும் நீரினின்றும் விளைவது. நிலத்தையும் நீரையும் காப்பதும் கெடுப்பதும் ஆட்சியின் பாற்பட்டன. ஆகவே உடம்பு, இயற்கை, அரசு என்னும் மூன்றும் முப்புரியாய் முறுக்கிய ஒரு கயிறு போல்வன. ஒரு புரி அறுமாயின் ஏனைய இரண்டும் நில்லா. இவ்வுண்மையை மறுப்பார் எவருமிலர். ஆயினும் மறந்து வாழ்வார் பலர். அம்மறதி பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகின்றது. உயிரியல் வகுப்பில் குருதியையும் குடலையும் பற்றிப் படிக்கின்றோம். புவியியல் வகுப்பில் மழையையும் ஆற்றையும் பற்றிப் படிக்கின்றோம். குடிமையியல் வகுப்பில் சட்டமன்றத்தையும் வரியையும் பற்றிப் படிக்கின்றோம். மணி அடித்தவுடன் ஒரு நூலை மூடி மற்றொரு நூலைத் திறக்கின்றோம். மூன்று நூலும் ஒரே பொருளைப் பற்றியன என்பது நம் நினைவுக்கு வருவதில்லை. அவற்றை ஒருசேரக் காட்டவல்ல பாடம் யாது? அஃது இலக்கியப் பாடமே என்பது என் துணிபு.

இதனைக் கேட்டுச் சிலர் நகைத்தல் கூடும். இலக்கியம் இன்பம் பயப்பது. ஓய்வுப் பொழுதுக்கு உரியது. உடலைப் பற்றி மருத்துவரும், நீரைப் பற்றிப் பொறியாளரும், ஆட்சியைப் பற்றி அரசியலாரும் பேசட்டும். புலவனுக்கு இங்கு என்ன வேலை என்பர். யான் தமிழாசிரியனாய் இருந்த நாளில் மாணாக்கர் ஒருவரும் ஏறக்குறைய இக்கேள்வியையே கேட்டார். “ஐயா, பாண்டியனும் போயினன், சோழனும் போயினன்; அவர்களைப் பாடிய பாட்டைப் படித்து எமக்கு ஆவது என்ன?” என்றார். நேரிய கேள்வி அது. அதற்கு விடையாகப் புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டினை எடுத்துக்காட்டினேன். இன்றும் அதனையே காட்டுவேன்.

அப்பாட்டைப் பாடியவர் குடபுலவியனார். பாடப்பட்டவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். இளமையிலேயே பகைவர் பலரை ஒரு களத்தில் வென்ற பெருவீரன் அவன். அதே புலவர் அப்போர் வெற்றியையும் தனியே வேறொரு பாட்டில் பாடியுள்ளார். ஆதலின் அரசனது வீரத்தை அவர் அறியாதவர் அல்லர். அறிந்திருந்தும் இப்பாட்டில் வாளைப் பற்றிப் பேசாது குளத்தைப் பற்றிப் பேசுகின்றார். மறுமைப் பேறு, ஈடில்லாத் தனியாட்சி, அழியாப் புகழ் என்னும் மூன்றனுள் எதனை விரும்பினும் செய்யவேண்டிய செயல் ஒன்றே என்று தொடங்குகின்றார். பின்னர் அவர் அடுக்கும் காரணங்களைக் காண்மின்: உடம்பு நீரின்றி நில்லாது, அவ்வுடம்புக்கு உணவே முதல், உணவோ மண்ணும் புனலும் கூடிய கூட்டத்தின் விளைவு, ஆதலின் அவ்விரண்டையும் கூட்டிவைப்பவன் உடம்பையும் உயிரையும் படைத்தவன் ஆகின்றான். விதைத்துவிட்டு வானத்தை நோக்கிக் கிடக்கும் நிலம் எத்துணைப் பரப்புடையதாயினும் ஆள்வோனுக்குப் பயன்படாது. எனவே பள்ளம் கண்ட இடமெல்லாம் கரைகட்டி நீரைத் தேக்குக என்று முடிக்கின்றார்.

உடம்பில் தொடங்கி, உணவுக்குச் சென்று, நிலத்தையும் நீரையும் தொட்டு, அரசனது கடமையில் வந்து முடிகின்றது இப்பாட்டு. ஒரு கணக்கை வழி பிசகாது செய்து விடை காண்பது போன்ற ஒழுங்கு இதில் உளது. புகழுரை கேட்க வீற்றிருந்த வேந்தனுக்கு ஒரு புலவர் கொடுத்த கணக்கு அது.

இக்கணக்கு பிழையன்று என்பதை இற்றை நாள் அறிவியலும் காட்டுகின்றது. வளர்ந்த ஒருவர் உடலின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கு நீரே. பிறந்த குழவியின் உடலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர். உணவின்றிச் சில கிழமைகள் உயிர் தாங்கும் உடல், நீரின்றிச் சில நாட்களுக்குமேல் தாங்காது. நாம் உண்ணும் சோற்றின் மாவுப்பொருள் எங்ஙனம் ஆயிற்று? வேர் உறிஞ்சிய நீரையும் இலை ஏற்ற கரியமில வாயுவையும் கதிரவன் ஒளியால் கூட்டிப் பயிர் சமைத்தது அது. ஒரு கிலோ நெல் விளைய வயலுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேற்பட்ட நீர் வேண்டும். ஆகவே நம் தசையும் குருதியும் எங்கோ ஓர் ஏரியில் தேங்கியிருந்த நீரின் வடிவமே எனின் அது வெறுங்கற்பனை அன்று. குடபுலவியனார் ஆய்வுக்கூடம் கண்டவரல்லர், ஆயினும் வயலைக் கண்டவர், பசியைக் கண்டவர். அவ்விரண்டையும் கூர்ந்து கண்டவருக்கு இவ்வுண்மை புலனாயிற்று.

இப்பார்வை ஒரு புலவர்க்கு மட்டும் உரியதன்று. தொல்காப்பியனார் வகுத்த திணைப் பாகுபாட்டிலேயே இதன் வித்து உளது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார். அந்நிலத்தில் தோன்றும் உணவும், மரமும், புள்ளும், தொழிலும் கருப்பொருள் என்றார். மாந்தர் உள்ளத்தின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றார். ஒருவன் மனத்தைப் பாடவேண்டுமாயின் அவன் நிற்கும் மண்ணையும் உண்ணும் உணவையும் முதலில் அறிக என்பது இதனால் பெறப்படும். உணவை இலக்கண நூலின்கண் வைத்துப் போற்றிய மொழி நம் மொழி.

இனி, அரசியல் எங்ஙனம் இலக்கியத்துள் நுழைகின்றது என்பதற்கு இரண்டு சான்றுகள் காட்டுவேன். சோழன் கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடிய பாட்டு முதலாவது. அரசே, போர்க்களத்தில் உன் படை பெறும் வெற்றி, உழவனது ஏர்ச்சாலில் விளைந்த நெல்லின் பயன் என்கின்றார் அவர். உன் வெண்குடை வெயிலை மறைப்பதற்கு அன்று, வருந்தும் குடிகளுக்கு நிழல் தருவதற்கே என்கின்றார். அவ்வளவில் நில்லாது, செலுத்த இயலாது நெடுநாள் நின்ற நிலவரியினின்றும் விடுதலை பெற்றார் என்று பாட்டின் கீழுள்ள பழங்குறிப்பு கூறுகின்றது. பாட்டொன்று வரியைத் தள்ளுபடி செய்வித்தது! இலக்கியத்தால் என்ன பயன் என்று கேட்பவர்க்கு இதனினும் நேரான விடை வேண்டுமோ?

பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய யானை உவமை இரண்டாவது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால், சிறு நிலத்தின் விளைவும் யானைக்குப் பல நாளைக்கு ஆகும். அவ்யானையே வயலுக்குள் புகுந்து உண்ணத் தொடங்கினால், பெரும்பரப்பும் போதாது. அதன் வாய் தின்பதைக் காட்டிலும் கால் மிதித்துக் கெடுப்பது மிகுதி. வரி தண்டும் முறையும் அத்தகையதே என்கின்றார் புலவர். யானையின் வயிறு, நெல்வயல், அரசின் கருவூலம் ஆகிய மூன்றும் இச்சிறு பாட்டில் ஒன்றாய் நிற்கின்றன. வரி வேண்டா என்று புலவர் சொல்லவில்லை. யானைக்கு உணவு வேண்டும் என்பதை அவர் ஒப்புகின்றார். நிலமும் குடியும் கெடாதபடி கொள்க என்பதே அவர் கூற்று. காட்டையும் ஆற்றுமணலையும் நிலத்தடி நீரையும் ஒரே தலைமுறையில் எடுத்துத் தீர்க்க முனையும் இக்காலத்தார் எல்லார்க்கும் அவ்வுவமை பொருந்தும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். அரசனுக்கு அமைச்சர் உண்டு, கணக்கர் உண்டு, விளைச்சல் இத்துணை, வரி இத்துணை, இறந்தோர் இத்துணையர் என்று அவர் எழுதிக் காட்டுவர். அவ்வாறிருக்கப் புலவன் எதற்கு? இதற்கு விடை நுட்பமானது. பசி வயிற்றில் எழுவது. ஆனால் பசியைத் தீர்க்கும் ஆணை அரண்மனையில் பிறப்பது. பசித்தவன் வயிறு வேறு. ஆணையிடுவோன் வயிறு வேறு. ஒருவன் உடம்பு படும் துன்பத்தை மற்றொருவன் உடம்பு உணராது. எண்கள் அத்துன்பத்தை அறிவிக்கும், உணர்த்தமாட்டா. உணர்த்தும் ஆற்றல் சொல்லோவியத்துக்கே உண்டு.

பெருந்தலைச் சாத்தனார் காட்டுக்குச் சென்று குமணனைக் கண்டு பாடிய பாட்டை நோக்குக. சமையலை மறந்த அடுப்பில் காளான் முளைத்திருக்கின்றது. தாயின் மார்பு பாலின்றி வற்றிச் சுருங்கியிருக்கின்றது. குழந்தை சுவைக்குந்தோறும் பால் காணாது அழுகின்றது. அதன் முகத்தைத் தாய் நோக்குகின்றாள். அவள் கண்களில் நீர் நிறைகின்றது. உண்ணாத தாயின் உடல் எவ்வாறு வற்றும், அவ்வற்றுதல் குழவியை எவ்வாறு தாக்கும் என்னும் உடற்கூற்று உண்மை இதில் உளது. ஆனால் அது பாடமாக நிற்கவில்லை; கேட்பவன் நெஞ்சில் முள்ளாகத் தைக்கின்றது. மணிமேகலைக் காப்பியமும் இப்பணியையே செய்கின்றது. பசிப்பிணி தீர்த்த அந்நங்கை, சோழ மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவிக்கின்றாள். பசித்தோர்க்கு உணவளிப்பது தனியொருவர் அறமாக மட்டும் நில்லாது ஆட்சியின் அறமாகவும் ஆதல் வேண்டும் என்பதே அதன் கருத்து.

இலக்கியம் கூறிய இவ்வுண்மையைப் புறக்கணித்த ஆட்சி என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. 1876-ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. 1878 வரை நீண்ட அக்கொடும்பஞ்சத்தை மக்கள் தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் கூறுவர். சென்னை மாகாணம் பெரிதும் தாக்குண்டது. தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று வரலாற்றறிஞர் கணிக்கின்றனர். அக்காலத்தும் நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிச் சென்றுகொண்டுதான் இருந்தது. பஞ்ச நிவாரண வேலையில் மண் சுமந்த ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும், ஓரணாக் காசும் போதும் என்று 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி வரையறுத்தார். செலவைக் குறைத்தல் அவர் நோக்கம். கடும் உழைப்புக்கு அவ்வளவு போதாது. ஏறத்தாழ 680 கிராம் தானியமும், அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று சென்னை மாகாணத்துச் சுகாதார ஆணையராகிய கார்னிஷ் என்னும் மருத்துவர் வாதாடினார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் மாகாண அரசு தானியத்தை 570 கிராம் அளவுக்கு உயர்த்திச் சிறிது பருப்பும் சேர்த்தது. மாந்தர் உடம்புக்கு எத்துணை உணவு வேண்டும் என்னும் உயிரியல் வினா, அன்று அரசியல் வினாவாய் நின்று பல்லாயிரவர் வாழ்வையும் சாவையும் முடிவு செய்தது. சென்னையில் இன்றும் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துக் கிடக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, அப்பஞ்சத்தில் பசித்த மக்களின் கைகளால் தோண்டப்பட்டதே.

அக்காலத்துத் தமிழ்ப் புலவரும் வாளா இருந்தாரல்லர். வில்லியப்ப பிள்ளை ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ என்னும் நூலை இயற்றினார். பஞ்சத்தால் நலிந்தோர் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, அவர் சிவகங்கை மன்னருக்குத் திருமுகம் கொடுத்து அனுப்புவதாக அமைந்தது அந்நூல். அங்கதமும் அவலமும் கலந்த அதன் அமைப்பில் ஒரு குறிப்பு உண்டு. இறைவனிடம் சென்ற முறையீடும் இறுதியில் ஆள்வோனிடமே அனுப்பப்படுகின்றது. மழை வானத்தின் பொருட்டாயினும், பசி ஆட்சியின் பொருட்டு என்பதை அப்புலவர் நகைச்சுவையோடு உணர்த்திவிட்டார்.

இவ்விடத்து ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். செங்கோல் வளைந்தால் மழை பொய்க்கும் என்னும் நம்பிக்கை நம் பழைய நூல்களில் உண்டு. மழைமேகம் அரசனது நெஞ்சறிந்து பெய்வதில்லை என்பதை நாம் அறிவோம். ஆதலால் அந்நம்பிக்கையை அறிவியல் உண்மையாகக் கொள்ளுதல் தகாது. ஆயினும் மேற்கூறிய வெள்ளைக்குடி நாகனார் எத்துணை எச்சரிக்கையாகப் பேசுகின்றார் என்பது நோக்கத்தக்கது. மழை தவறினும் விளைவு குன்றினும் உலகம் அரசனையே பழிக்கும் என்றாரே அன்றி, அரசனே மழையைத் தடுத்தான் என்று கூறவில்லை. வறட்சி இயற்கையால் வருவது. அவ்வறட்சி பஞ்சமாக முற்றுவதும் முற்றாமையும் மாந்தர் செயலால் வருவன. அரிசியைத் தேக்கிவைத்தோமா, ஏரியைத் தூர்வாரினோமா, ஏழைக்கு வேலை கொடுத்தோமா என்பவற்றால் அது முடிவாகும். மேலும், நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மாந்தர் பெருக்கிய புகை உலகின் வெப்பத்தை உயர்த்தியுள்ளது என்பது இன்று ஐயமின்றி நிறுவப்பட்ட உண்மை. பழையோர் நம்பிக்கையாகக் கூறியதில் பிழை இருந்தது; ஆயினும் ஆள்வோர் செயலுக்கும் வானத்துக்கும் தொடர்பே இல்லை என்று இனி எவரும் கூறுதற்கில்லை.

நீரைக் காக்கும் ஆட்சி எத்தகையது என்பதற்கும் நம் நாட்டில் நற்சான்று உண்டு. முதற்பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. குடவோலை முறையால் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த செய்தியை அவை கூறுகின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஓர் ஊரின் நீர்நிலையைக் காத்தற்கென்றே தேர்ந்தெடுத்த ஒரு குழு இருந்தது! தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் கணக்கிலுள்ளன. அவற்றுட் பல இன்று தூர்ந்தும், கரையுடைந்தும், வீடும் சாலையும் ஏறியும் கிடக்கின்றன. அதன் பயனை நாம் கண்கூடாகக் கண்டோம். 2015-ஆம் ஆண்டு திசம்பரில் சென்னை மாநகர் வெள்ளத்தில் மூழ்கியது. நான்காண்டு கழியுமுன், 2019-ஆம் ஆண்டுக் கோடையில் அதே நகரின் ஏரிகள் வறண்டன; சூலைத் திங்களில் சோலையார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. பெய்தபோது தேக்க இடமில்லை. பெய்யாதபோது எடுக்க நீரில்லை. பள்ளம் கண்ட இடத்துக் கரைகட்டுக என்ற குடபுலவியனார் சொல்லை நாம் தேர்வுக்காகப் படித்தோமே அன்றி, வாழ்வுக்காகப் படிக்கவில்லை.

இலக்கியத்தைப் போற்றுங்கால் அதன் குறையையும் மறைத்தல் ஆகாது. குளம் வெட்டுவித்த வேந்தன் பெயர் பாட்டில் நின்றது. மண் சுமந்தவர் பெயர் நிற்கவில்லை. உத்திரமேரூர்க் குடவோலையிலும் சொந்த நிலமும் மனையும் உடைய ஆடவர்க்கே இடமிருந்தது. நிலமின்றி உழைத்தவர்க்கும் மகளிர்க்கும் இடமில்லை. அன்றியும், ஏரிக்கரை எத்துணை உயரம் வேண்டும், மதகு எவ்விடத்தில் அமைக்க வேண்டும் என்பவற்றைப் பாட்டு அளந்து கூறாது. அதற்குப் பொறியியல் வேண்டும். நோய்க்கு மருந்து தருவதும் பாட்டின் தொழிலன்று. ஏன் அளக்க வேண்டும், யாருக்காக மருந்து வேண்டும் என்று மறவாமல் கேட்பதே இலக்கியத்தின் தொழில். அக்கேள்வி இல்லாத அறிவியல் 450 கிராம் தானியத்தைச் சரியாக நிறுத்துக் கொடுத்துவிட்டு, உண்டவன் பிழைத்தானா என்று நோக்காது போய்விடும்.

மாணவச் செல்வங்களே! பாண்டியன் போயினன் என்பது உண்மை. அவ்விடத்தில் இன்று யார் அமர்ந்திருக்கின்றனர்? 1989-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் வாக்குரிமை உடையவர். நிலம் உண்டா, பொருள் உண்டா, ஆணா, பெண்ணா என்று எவரும் கேளார். இன்னுஞ் சில ஆண்டுகளில் நீவிரும் அவ்வுரிமையைப் பெறுவீர். அந்நாளில் ஏரி காப்பதும் காவாமையும், பசித்தவர்க்கு உணவு சேர்வதும் சேராமையும் உங்கள் விரல் நுனியிலும் அமையும். ஆதலின் நெடுஞ்செழியனுக்குச் சொன்ன பாட்டு இன்று உமக்குச் சொன்ன பாட்டாகும்.

பழம்பாட்டைப் படிக்குங்கால் திணை யாது, துறை யாது என்று அறிக, அஃது இன்றியமையாதது. அதனோடு நில்லாது, இப்பாட்டில் யாருடைய உடம்பு வாடுகின்றது, எந்த நிலம் காய்கின்றது, எவருடைய ஆணை தவறுகின்றது என்னும் மூன்று வினாக்களையும் கேளுங்கள். பின்னர் அதே வினாக்களோடு உங்கள் ஊர் ஏரிக்கரைக்குச் சென்று பாருங்கள். உண்ணும் ஒவ்வொரு பிடிச் சோற்றிலும் ஓர் ஏரியும், ஓர் உழவர் கையும், ஓர் ஆட்சியும் அடங்கியிருப்பதை உணர்வீர்கள். அவ்வுணர்வோடு வளர்கின்றவர் நீரை வீணாக்கார்; நிலத்தைக் கெடுக்கார்; பிறர் பசியைப் பொறார். அத்தகையோரை ஆக்குதலே இலக்கியக் கல்வியின் பயன்.